கடைசிப் பாட்டுக்குப் பின் வரும் சிரிப்பு

அன்பு மனைவிக்கு,

இங்கு நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகே போட்டுக்கொள்.

"யாருமே கண்டுக்காத ஆல்பம்ப்பா, ஒரு தடவையாவது முழுசா கேளுங்க" என்று நம் மகள் கைப்பேசியில் ஏற்றித் தந்த ஹார்ட் ராக் ஆல்பத்தை நேற்று கேட்டேன். ஆலையின் பாதுகாப்பு அதிகாரியான நானே விதியை மீறலாமா? ஆலை இரைச்சலைத் தடுக்கும் காதடைப்பானை மாட்டிக்கொண்டுதான் கேட்டேன். அறைத்தோழரான வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"குடையப் பிடிச்சிக்கிட்டுக் குளிக்கிற ஆள இப்பத்தான் சார் பாக்கறேன்!"

கழற்றிவிட்டு முதலிலிருந்து கேட்டேன். கிடார்கள் உறுமுகின்றன, பாடுபவரின் குரலோ கெஞ்சுகிறது. இதை உலகம் எப்படிக் கவனிக்காமல் விட்டது என்று விளங்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் குச்சி கீழே விழுகிறது, யாரோ சிரிக்கிறார்கள். அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஓர் அறையில் நாலு பேர் சேர்ந்திருக்கும் சத்தம் அது. அந்த இடத்தை மட்டும் பலமுறை கேட்டேன்.

ஒரு சிறு வேண்டுகோள். நம் மகள் கிடார் பழகுவதைப் பதிவு செய்து அனுப்பு. அறைக்கதவு திறந்தே இருக்கட்டும். சமையலறையிலிருந்து நீ "சத்தத்தக் குறைடி!" என்று கத்துவாயே, அதை வெட்டிவிடாதே.

ஆலை வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் கணவன்