ஒன்பதாவது நிமிடத்து மௌனம்

2003 ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து மலை முழுக்க மூடுபனி. எதிர் வகுப்பறையே தெரியவில்லை. பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல். பாதிப் பேருக்கு இருமல், எனக்கும்.

மதியம் தபால். பதினொரு கடிதம், எல்லாம் கேசட் விஷயம். அட்டையில் என் முகவரியைப் போட்டது ராகவன். எங்கள் 'ஏழரை' குழுவில் பாடுவது, கிதார் வாசிப்பது, எல்லாவற்றையும் முடிவு செய்வது அவன். மற்ற மூவரும் சென்னையில் ஆறு மாதத்துக்கு ஓர் அறை மாறுகிறவர்கள். நிலையான முகவரி எனக்கு மட்டும்தான்: அரசு உறைவிடப் பள்ளி, வாழவந்தி நாடு, கணக்கு வாத்தியார். நான் டிரம்ஸ் வாசிப்பவன் என்பது இங்கே சமையல்கார அங்கமுத்து அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது.

எங்கள் இரண்டாவது கேசட் 'இறங்குமுகம்' பற்றிய கருத்துகள், வந்த வரிசையில்:

கும்பகோணம்: இரைச்சல். ஆனாலும் மூன்று தடவை கேட்டாராம்.

மதுரை, கல்லூரி மாணவர்: முதல் கேசட்டே மேல். இதில் பாட்டு எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று புரியவில்லை.

கோவை: குரல் நன்றாக இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஏன் கத்த வேண்டும்?

பெயர் போடாதவர்: நாடா சிக்கிக்கொண்டது. நல்லதாகப் போயிற்று.

மீதியில் நான்கு பேர் ஒரே இடத்தைப் பற்றி. கடைசிப் பாட்டு, 'அடிவாரம்', ஒன்பதாவது நிமிடம். "ஸ்னேர் டிரம் திடீரென்று நின்றுபோய், நான்கு சுற்று வெறும் சிம்பலும் கால் டிரம்மும் மட்டும் போகிறதே, அந்த மௌனம்! மயிர்க்கூச்செறிந்தது" என்று ஒருவர். "தமிழில் இப்படி யாரும் யோசித்ததில்லை" என்று இன்னொருவர்.

படித்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடுதி மணி அடித்தும் எழவில்லை.

ஜூலை 16, புதன்

தூறல். விடைத்தாள் 43. துணி காயவில்லை.

அந்த நால்வரில் காரைக்குடிக்காரருக்குப் பதில் எழுதினேன். அந்த மௌனத்தின் பொருள் என்ன என்று கேட்டிருந்தார். "மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் எதிரே வண்டி வருகிறதா என்று ஓட்டுநர் ஒரு கணம் காத்திருப்பார். அதுதான் அது." அழகான வாக்கியம். முழுப் பொய். அஞ்சல் பெட்டியில் போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியுமா என்று கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உண்மையை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஸ்னேர் அடிக்கிற இடக்கை வரவில்லை. ஒரு வருடமாகவே குச்சியைப் பிடித்தால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் தானாக உள்ளே மடங்குகின்றன. பதிவின்போது ஒன்பதாவது நிமிடத்தில் குச்சி நழுவித் தொடையில் விழுந்தது. அதை எடுத்து மறுபடி பிடிக்க நான்கு சுற்று ஆயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராகவன் கட்டைவிரலை உயர்த்தினான். நான் வேண்டுமென்றே விட்டதாக நினைத்துக்கொண்டான். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அவ்வளவுதான் நடந்தது.

ஜூலை 18, வெள்ளி

ஒரு நாள் விடுப்பு. முதல் பஸ்ஸில் மலை இறக்கம். ஓட்டுநரிடம் போன வாரம் ஒரு கேசட் கொடுத்திருந்தேன். அவர் கருத்து: "மலை ஏறும்போது நல்லாத்தானுங்க இருக்குது. எறங்கும்போது போட்டா காலு தானா பிரேக்குக்குப் போவுது. வேண்டாமுங்க சார்." திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சேலத்தில் டாக்டர். கையை மடக்கி, நீட்டி, சுத்தியால் தட்டிப் பார்த்தார். இடக்கையால் பொத்தான் போடச் சொன்னார், போட்டேன். டம்ளரைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். பையிலிருந்து குச்சியை எடுத்துப் பிடித்ததும் இரண்டு விரலும் மடங்கின. அவருக்கே ஆச்சரியம்.

"விரல்ல ஒண்ணுமில்ல தம்பி. மூளையிலிருந்து வர்ற கட்டளைதான் குழம்புது. ஒரே வேலையைப் பல வருஷம் செஞ்சவங்களுக்கு வரும்."

"சரியாகுமுங்களா?"

"வாசிக்கிறதை நிறுத்தினா வேற தொந்தரவு வராது."

கேட்டதற்கு அது பதில் இல்லை. இரண்டாவது தடவை கேட்கத் தெம்பில்லை.

ஜும்மா தொழுகை தவறிவிட்டது. திரும்பும் வழியில் அடிவாரத்தில் அத்தாவின் மிளகுக் கடை. மூட்டைமேல் உட்கார்ந்து டீ. டேப்பில் ஐந்து நிமிடம் கேட்டார்.

"இதுல எதுடா நீ?"

"பின்னால அடிக்கிறது அத்தா."

"அப்ப பாடறவன் உன்னைப் பார்த்துத்தான் பயந்து கத்தறானா?"

இரண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாளாயிற்று. கையைப் பற்றிப் பெற்ற தகப்பனிடமும் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காற்று. கூரைத் தகரம் இரவெல்லாம் அடித்துத் தூக்கமில்லை.

செம்மேடு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ராகவனுக்குப் போன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். அவன் முந்திக்கொண்டான்.

"மச்சான், ஆகஸ்ட் பதினாறு, கோவையில கச்சேரி. பெரிய ஹால். இன்டர்நெட்ல எல்லாம் 'அடிவாரம்' பத்தித்தான் பேச்சு. பேட்டி எடுத்தாங்க. அந்த ஒன்பதாம் நிமிஷ கேப் நீ மூணு மாசம் யோசிச்சு வச்சதுன்னு சொல்லிட்டேன்."

"நான் எப்ப யோசிச்சேன்?"

"யோசிக்காமலா வச்ச? மேடையில அப்படியே வரணும். அதுக்குத்தான் வர்றாங்க. ஒரு சுற்று கூடக் கூடாது, குறையக் கூடாது."

பூத்தின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இருபத்தொன்பது வயதில் இப்படி ஒரு 'சரி'.

மாலை ஸ்டோர் அறையில் அரிசி மூட்டைமேல் பயிற்சி. இரண்டு நிமிடம். மூட்டைக்குப் பின்னால் உருண்ட குச்சியை அங்கமுத்து அண்ணன் எடுத்துக் கொடுத்தார். களியும் கீரையும் வைத்தார்.

ஜூலை 24, வியாழன்

வெயில், ஒரு மணி நேரம். துணி காய்ந்தது.

கடிதம் 6. அதில் ஒன்று ஈரோட்டிலிருந்து, கோடு போட்ட தாளில் நான்கு பக்கம். எஸ்தர் என்று ஒரு பெண். சாயப்பட்டறை அலுவலகத்தில் வேலை, ஞாயிறுகளில் சர்ச்சில் டிரம்ஸ். கேசட்டைத் தேயத் தேயக் கேட்டிருக்கிறார். முதல் மூன்று பக்கம் சண்டை. இரண்டாவது பாட்டு தேவையில்லாமல் நீளம், நான்காவதில் கிதார் எல்லாரையும் மூடிவிடுகிறது, ஐந்தாவதில் நான் அவசரப்படுகிறேன். எல்லாம் உண்மை.

நான்காம் பக்கத்தை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"ஒன்பதாம் நிமிடத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அது மௌனமாகக் கேட்கவில்லை. அதற்கு முன்னால் ஆறு சுற்றாகவே உங்கள் இடக்கை அடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கிறது. வலக்கை அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. நின்று போன பிறகு மறுபடி வரும் முதல் அடி பயந்து பயந்து விழுகிறது. வேண்டுமென்று நிறுத்தியவர் அப்படித் திரும்பி வர மாட்டார். தவறாக இருந்தால் மன்னிக்கவும். உங்கள் கைக்கு என்ன ஆயிற்று?"

பதினேழு கடிதத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறாம் வகுப்புக்குள் போய்ப் பின்னக் கணக்கு போட்டேன். விடையைத் தப்பாக எழுதிப் பிள்ளைகள் திருத்தினார்கள்.

ஜூலை 25, வெள்ளி

எஸ்தருக்குப் பதில். மூன்று முறை கிழித்து, நான்காவது முறை நான்கே வரி. கை போய்விட்டது. யாருக்கும் தெரியாது. 16-ந் தேதி கச்சேரி. உங்களால் வாசிக்க முடியுமா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மலை முழுக்கக் கூட்டம். அருவிக்கும் கோயிலுக்கும் வேன் மேல் வேன்.

எஸ்தர் வந்தார். எழுபது வளைவும் பஸ்ஸில் நின்றுகொண்டே. இறங்கியதும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, "ஏனுங்க, டிரம்ஸ் எங்கீங்க?" என்றுதான் முதல் பேச்சு. இருபத்தைந்து வயது இருக்கலாம். கண்ணாடி. உள்ளங்கையெல்லாம் காய்ப்பு.

டிரம்ஸ் இல்லை என்றேன். ஸ்டோர் அறை. அரிசி மூட்டை, இரண்டு எண்ணெய் டின், கவிழ்த்த குண்டான். சிரிக்கவில்லை. உட்கார்ந்து உயரம் சரிபார்த்துக்கொண்டார்.

'அடிவாரம்' முழுவதும் வாசித்தார். ஏழு எண்ணிக்கை பதினொன்றாக மாறும் இடம் எனக்கே பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று. அவர் கேசட்டை மட்டும் கேட்டுப் பிடித்திருக்கிறார். ஒன்பதாம் நிமிடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

"இந்த எடத்துல நான் என்ன பண்ணட்டுங்க? கேசட்ல இருக்கற மாதிரி விடட்டுமா?"

நான் எழுதி வைத்திருந்த பழைய நோட்டை எடுத்துக் காட்டினேன். அந்த நான்கு சுற்றுக்கும் இடக்கைக்கு எழுதியது முழுக்க அதில் இருக்கிறது. அதை நான் ஒரு நாளும் முழுதாக வாசித்ததில்லை. எழுதும்போதே கை போக ஆரம்பித்துவிட்டது.

விரல் வைத்துப் படித்தார். "இதுதானுங்க பாட்டு," என்றார். "அவங்க கேக்கறது பாட்டோட ஓட்டைங்க."

வாசலில் நின்று கேட்ட அங்கமுத்து அண்ணன், "பாப்பா, கஞ்சி குடிச்சுட்டு அடி கண்ணு, வகுறு காலியா இருக்குமுல்ல" என்றார். எஸ்தர் இரண்டு டம்ளர் குடித்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தலைவலி. எச்.எம். கூட்டம், ஒன்றரை மணி நேரம், விடுதிக் கழிவறை பற்றி.

மாலை பூத். ராகவனிடம் சொன்னேன். முழுதும்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"தெரியல."

"எட்டு வருஷம்டா, அன்வர்."

"ஆமா."

மூக்கை உறிஞ்சும் சத்தம். அவன் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு, "சரி, அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. ஆனா வெளிய எதுவும் சொல்லாத. கை விஷயம் தெரிஞ்சா அந்த எடத்தைப் பாராட்டினவங்க எல்லாம் முட்டாளாயிடுவாங்க. நாமளும்."

அதில் அவன் சொன்னது தப்பா சரியா என்று யோசிக்க அலுப்பாக இருந்தது. "கேப் இருக்காது, முழுசா வாசிக்கப் போறா," என்றேன். கத்தினான். இது கத்தலா பாட்டா என்று எனக்குத் தெரியும். கத்தல்தான். கடைசியில் ஒத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோவையில் ஒத்திகை. மூவரும் எஸ்தரை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், வயது தெரியாமலே. ஐந்தாவது பாட்டில் ராகவனை நிறுத்தி, "நீங்க முந்தறீங்க" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

எனக்கு வேலை எதுவும் இல்லை. ஒயர்களைச் சுருட்டினேன். டீ வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மழையில் கொடி விரியவே இல்லை. மிட்டாய் 212. மதியம் பஸ். ஓட்டுநர் வேறு ஆள்.

ஆகஸ்ட் 16, சனி

கோவை. புழுக்கம். ஹால் முக்கால்வாசி நிறைந்தது. ராகவன் மேடையில், "அன்வருக்கு உடம்பு சரியில்ல, இன்னிக்கு எஸ்தர்" என்று மட்டும் சொன்னான். கொஞ்சம் ஊளை, கொஞ்சம் கைதட்டல். நான் பின்வரிசையில், தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் குறுந்தாடி வைத்த ஒருவர், நுழைவாயிலில் கொடுத்த நோட்டீசைக் குழலாகச் சுருட்டித் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு தாளம் தப்பவில்லை. எல்லாப் பாட்டும் அத்துபடி.

மணி ஏழுக்கு 'அடிவாரம்'. ஒன்பதாம் நிமிடம். ஹாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு மௌனத்துக்காகக் காத்திருந்தது தெரிந்தது. எஸ்தர் நிறுத்தவில்லை. இடக்கை இறங்கியது. நான்கு சுற்றும், ஓர் அடி விடாமல். நான் எழுதியது மேடையிலிருந்து காதில் விழுந்தது எனக்கு இன்றுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது. கடைசிச் சுற்றில் ஒரு சின்ன உருட்டல், அது தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் கண்ணை நீர் மறைத்துவிட்டது.

முன்னாலிருந்து யாரோ, "கேப் எங்கே?" என்று கத்தினார்கள். பக்கத்தில் இருந்தவர் தாளத்தை நிறுத்திவிட்டார்.

விளக்கு போட்டதும் என்னிடம் திரும்பினார். "கெடுத்துட்டாங்களேங்க. அந்த எடத்துக்காகத்தானுங்க பொள்ளாச்சியிலிருந்து வந்தேன். பழைய ஆளு அதை எவ்வளவு யோசிச்சு வச்சாரு!"

"யோசிக்கலீங்க," என்றேன்.

"என்னதுங்க?"

"கை வரலீங்க. குச்சி விழுந்துருச்சு. எடுத்துப் பிடிக்க அவ்வளவு நேரம் ஆச்சு."

"யாருங்க சொன்னா உங்களுக்கு? பேட்டியில..."

அவர் கையிலிருந்த குழலைக் கேட்டு வாங்கினேன். குச்சியைப் பிடிப்பதுபோல் இடக்கையில் பிடித்து, அவர் முன்னால் நீட்டினேன். மோதிரவிரல் மடங்கியது. சுண்டுவிரலும். அவர் விரல்களைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி விரல்களைப் பார்த்தார்.

எழுந்து தன் இடத்தை விட்டு, "உக்காருங்க," என்றார்.