கீரி துப்பறிந்த ஊர்

மாமோனி, என் செல்ல மகளுக்கு,

பூஜை விடுமுறைக்கு வந்தபோது கேட்டாயே: "பாபா, நீங்க கல்கத்தாவைத் தாண்டினதே பூரி வரைக்கும்தான். உங்க கதையில வர்ற துப்பறியும் கீரி மட்டும் லிஸ்பன் சந்தெல்லாம் புகுந்து எப்படித் திருடனைப் பிடிக்குது?" "எல்லாம் கற்பனைதான்டி" என்று சிரித்தேன். பொய் சொன்னேன்.

உன் நான்காம் வயதில் உன் அம்மா என்னைப் பிரிந்து லிஸ்பனுக்கு வேலைக்குப் போனாள். வீடு கிடைத்ததும் உன்னை அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அந்த மாதமே உன் பெயருக்குக் கடிதம் வந்தது. மஞ்சள் டிராம், கரியில் சுடும் மத்தி மீன், மேட்டுத் தெருவில் காயும் துணிகள் என்று உனக்காகவே எழுதியிருந்தாள். நீயும் போய்விடுவாயோ என்று பயந்து அதை ஒளித்துவைத்தேன்.

"அம்மா ஏன் எழுதவே மாட்டேங்கிறா?" என்று நீ அழுதாய். உன்னைத் தேற்ற, ஒரு கீரியை அந்தத் தெருவில் இறக்கிவிட்டுக் கதை சொன்னேன். அதன்பின் அவள் கடிதம் வர வர, என் புத்தகங்களும் வந்தன. ஊரே என்னைக் கொண்டாடியது.

இத்துடன் நாற்பத்தொரு கடிதங்கள் இருக்கின்றன. கடைசிக் கடிதம் போன மாதம் வந்தது. முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது. எல்லாமே ஒரே மாதிரிதான் முடிகின்றன: "அம்மா மேல கோபமாடி? ஒரு வரியாவது எழுது." அதை மட்டும் நான் எந்தக் கதையிலும் சேர்க்கவில்லை.

எனக்குப் பதில் வேண்டாம். முதலில் அவளுக்கு எழுது.

உன் பாபா