பவுடர் டப்பாவை ஒழித்த தீர்மானம்

கொருக்குப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கார்குழலிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருப்பதாக அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள், நீயும் டப்ளின் மழையில் நனையாமல் நலமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை இந்த வீட்டில் ஒரு முக்கியத் தீர்மானம் நிறைவேறியது. கேரம் போர்டுக்குத் தூவும் பவுடரை இனித் தகர டப்பாவில் வைப்பதில்லை, கண்ணாடி பாட்டிலில் மட்டுமே வைப்பது. நான் முன்மொழிந்தேன், உன் அம்மா எதிர்த்தாள், டீ குடித்த பிறகு வழிமொழிந்தாள். துறைமுக யூனியனில் நான் செயலாளராக இருந்த காலத்தில்கூட எந்தத் தீர்மானமும் ஒரே டீயில் முடிந்ததில்லை. இதைப் போனில் சொன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உனக்கு முன்னால் படித்துவிடுவாள், அதனால்தான் தாள். எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சமையலறையில்தான் இருக்கிறாள்.

மார்பில் கட்டியை எடுத்து, கீமோ ஊசி, கரண்ட் என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, நோய் திரும்பி வராமல் இருக்க ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது உனக்குத் தெரியும். அது உள்ளே போன இரண்டாம் மாதத்திலிருந்து அவளுடைய முட்டியும் விரல் கணுக்களும் என்ன பாடு பட்டன என்பதை உன்னிடம் பாதிதான் சொன்னோம். காலையில் மூடிய கை திறக்காது, ஈரத் துணியைப் பிழிய முடியாது, ரயில்வே கேட் மூடியிருந்தால் மேம்பாலப் படியைப் பார்த்துவிட்டு, கேட் திறக்கும்வரை வெயிலில் நிற்பாள். கட்டி இருக்கசொல்ல ஒரு வலியும் இல்லியே, அது போனப்புறம்தான உசுரு போவுது, இது இன்னா நாயம் என்று கேட்பாள். இதில் எனக்கு ஒரு வெட்கக்கேடான லாபமும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வியாசர்பாடி மன்றத்தில் ஆண்களைக் கேரமில் அழவைத்தவள் அவள், அவளிடம் காலமெல்லாம் தோற்றுவந்த நான் அந்த மாத்திரைக்குப் பிறகு ஜெயிக்கத் தொடங்கினேன். விரல் ஸ்டிரைக்கரைச் சுண்ட மறுத்தது, அவ்வளவுதான். உன் அம்மா பொய் சொல்வாள், ஆனால் வேண்டுமென்றே தோற்க மாட்டாள். ஏழு வயதில் உனக்கு அம்மை போட்டிருந்தபோது பிள்ளைக்கு ஒரு ஆட்டம் விட்டுக்கொடு என்று நான் கெஞ்சியும், உன்னை ஒரு காய்கூடப் போட விடாமல் ஜெயித்தவள்.

இரண்டு மாதத்துக்கு முன் நான் மறுபடி தோற்க ஆரம்பித்தேன். சிவப்புக் காயை முதல் அடியிலேயே குழியில் போட்டாள். மேம்பாலத்தில் எனக்கு முன்னால் ஏறிப் போய் மேலே நின்று, வா நைனா வா, ரயிலு போயிடப் போவுது என்று கிண்டல் செய்தாள். கீழ்வீட்டு ரஹீமுன்னிசா காய்ச்சிக் கொடுத்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், எல்லாப் பெருமையும் அதற்கே போனது. நம்ம எண்ணெ வேல செஞ்சிகீது பாத்தியாண்ணே என்று அந்தப் பெண் என்னிடம் சொல்ல, நானும் நாலு பேரிடம் சொல்ல, மாத்தூரிலிருந்து ஒரு அம்மாள் ஆட்டோ வைத்து வந்து இரண்டு புட்டி வாங்கிப் போனார். வெள்ளிக்கிழமை டப்பாவைக் குலுக்கினேன், பவுடர் விழவில்லை. அடைப்பு என்று நினைத்து மூடியை நெம்பிக் கவிழ்த்தேன், பவுடரோடு மாத்திரைகள் போர்டு முழுக்க உருண்டன, ஒன்றிரண்டு குழியிலும் விழுந்தன. அவள் கட்டைவிரலால் பிதுக்க முடியாது என்று தினமும் டீக்குப் பிறகு நான் அட்டையிலிருந்து பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தவை அவை. நான் தண்ணீர் எடுக்கத் திரும்பும் நேரம் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. இன்னாயா அப்டி பாக்குற, ஒண்ணாச்சும் குப்பையில போட்டனா, பத்திரமாத்தான வெச்சிகீறேன் என்றாள். குழியில் விழுந்ததை எடுத்துக்கொண்டே, ரெண்டு மாசம் மனுஷி மாதிரி நடந்தேன், அது ஒரு குத்தமா என்றாள். உடனே நான் பாட்டில் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன்.

நேற்று நான் மட்டும் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். திட்டவில்லை, இப்படி நிறையப் பேர் நிறுத்துகிறார்கள், என்னிடம் சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து, இதே வேலையைச் செய்யும் வேறு மருந்து இருக்கிறது, தினமும் நடந்தால் வலி கொஞ்சம் குறையும், ஆனால் அடியோடு விட்டால் நோய் திரும்புவதற்கு வழி திறந்துவிடுகிறோம், அழைத்து வாருங்கள் என்றார். வந்து சொன்னால், மாத்திரைய மாத்துனா வலியும் சட்டைய மாத்திக்கினு வரும்யா என்கிறாள். போவோமா என்றால் பாக்கலாம் என்கிறாள். பாட்டிலுக்குள் இருப்பது என்னவோ பளிச்சென்று தெரிகிறது, ஆனால் இந்த வீட்டில் பருப்பு டப்பா, ஊறுகாய் ஜாடி, தையல் பெட்டி என்று இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. வாயைத் திறந்து காட்டு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நீயும் போனில் அழாதே, தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாதே, கட்டுரைகளை அனுப்பாதே, அவள் படிக்காமலே எல்லாருக்கும் அனுப்பிவிடுவாள். வழக்கம்போல என்ன சமையல் என்று கேள். ரஹீமுன்னிசாவிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம், எண்ணெய் நன்றாக விற்கிறது.

காலுறை போடாமல் வெளியே போகாதே, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உன் கைகால் என்றைக்கும் உன் சொல்லைக் கேட்டு நடக்கட்டும், எங்கள் ஆசி. கேரமுக்குப் பெரிய காய் செட் ஒன்று கேட்டிருந்தேன், வரும்போது மறக்காமல் கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா,
லோகநாதன்.

பி.கு.: கடிதம் தபாலில் சேராமல் மூன்று வாரமாக என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. நேற்று ஆட்டத்தில் நான் மறுபடி ஜெயித்தேன்.