தெற்கு பார்த்த படகு

என் தங்கை செல்வியைக் கட்டிய மாப்பிள்ளைக்கு, கேலி பேச நீ இல்லாமல் வாய் காய்ந்துபோன உன் மச்சான் எழுதுவது.

இன்னும் என்னால் நம்ப முடியவில்லையப்பா. ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் படகு விட்டவன், மறுநாள் தேவதானத்தில் ஒரு கிணற்றுக்கு சோலார் பேனல் மாட்டப் போன இடத்தில், ஏணியில் கால் வைக்கும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். போன் வந்தபோது பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி வாசலில் நின்றேன். "வேற யாரையோ சொல்லுதீய" என்று கட் பண்ணிவிட்டேன். இப்படியும் ஒரு சாவு உண்டா?

உன் படகு அப்படியே கிடந்தது. தூத்துக்குடியிலிருந்து லாரியில் ஏற்றிவந்த பழைய பாய்மரப் படகு. அதில் மோட்டாரும் பேட்டரியும் பேனலும் வைத்து, ஒரு சொட்டு டீசல் இல்லாமல் கடலுக்குள் போய்வருவேன் என்றாய். மலையடிவாரத்துக்காரனுக்கு எதற்கடா கடல் என்று இராஜபாளையமே சிரித்தது. நானும்தான்.

காரியம் முடிந்ததும் செல்வியிடம் சொன்னேன். "ஏட்டி, வித்துப்புடுவோம். மோட்டாரையும் பேட்டரியையும் கேட்டு ஆள் வந்திருக்கு."

அவள் அழவில்லை. "ஒரு தடவ கண்மாய்க்குள்ள போய்ட்டுத் திரும்பி வருவோம்ணே. யாரும் கட்டி இழுக்காம கரைக்கு வந்துட்டா தூத்துக்குடிக்குக் கொண்டுபோறேன். வரலைன்னா வித்துக்கோ" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அது வரக்கூடாது என்றுதான் நினைத்தேன். உன்னைப் பறிகொடுத்தவள், கடலுக்கும் போய் அவளுக்கு ஏதாவது ஆனால் என் நெஞ்சு தாங்காது.

வன்னியம்பட்டிப் பக்கம் கண்மாய் நிறைந்து கிடந்தது. மோட்டார் பக்கத்தில், நீ உட்காரும் இடத்தில் நான். முன்னால், உன்னோடு வரும்போது போலவே, பாய்க் கயிறோடு செல்வி. கிணற்று மோட்டார் மட்டுமே போட்டுப் பழகிய கை, திருகியதும் முழு வேகத்தில் வைத்துவிட்டது. சத்தமே இல்லை. படகு வழுக்கிக்கொண்டு போனது, எனக்கே ஆச்சரியம்.

வடக்கே திரும்பினோம். பேனலிலிருந்து வரும் கரண்டைக் காட்டும் மீட்டரில் எண் மளமளவென்று இறங்கியது. ஏன் என்று அண்ணாந்து பார்த்தால் உன் பேனல்! கிணற்றடியில் மாட்டுவது போலவே உயரமாக ஸ்டாண்டு அடித்து, சாய்த்து, தெற்கு பார்த்து முறுக்கி வைத்திருக்கிறாய். படகு கரையில் கட்டிக் கிடக்கும்வரை அது தெற்குதான். திரும்பியதும் சூரியனுக்கு முதுகைக் காட்டிவிட்டது. போதாததற்கு அந்த ஸ்டாண்டில் காற்று மோதிப் படகை ஆட்டியது.

நடுக் கண்மாயில் பேட்டரியும் தீர்ந்து மோட்டார் நின்றது.

செல்வி கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏங்க, என்னன்னு பாருங்க" என்றாள்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உன் சாவு அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது மாப்பிள்ளை. எனக்கும்தான்.

பிறகு எழுந்து பாயை ஏற்றினாள். காற்று பிடித்தது. பாயின் நிழல் பேனல் மேல் விழ, மீட்டர் சைபரைக் காட்டியது. ஆனால் படகு ஓடியது. வளைந்து வளைந்து, யாரும் கட்டி இழுக்காமலே புறப்பட்ட கரையில் கொண்டுவந்து தட்டிவிட்டாள்.

இறங்கும்போது சொன்னாள்: "கெணத்துக்கு மாட்டுன மாதிரியே மாட்டிட்டாகண்ணே. கெணறு திரும்புமா? படகு திரும்புதுல்ல. பேனலத் தட்டையாப் படுக்கப் போடணும். வழி பூரா காத்து இழுக்கட்டும். கரைய விடவும் பிடிக்கவும் மட்டும் மோட்டாரு, அதுவும் மெதுவா. கட்டிக் கெடக்கயில வெயிலு பேட்டரிய நெரப்பட்டும்."

அம்புட்டுத்தான் கணக்கு. இதை நீ கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பாய். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

கேட்டு வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஸ்டாண்டை நானே அறுத்தேன். தூத்துக்குடிக்கு அவளைத் தனியாக விடமாட்டேன். நீச்சல் தெரியாது, ஆனாலும் ஏறுவேன். நீ இருந்த இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். கடலில் அவள் மறுபடி "ஏங்க" என்று கூப்பிட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், உட்கார்ந்திருப்பது நான் என்று காட்டிக்கொள்ள மாட்டேன்.

செல்விக்கு அண்ணன், என்றைக்கும் உனக்கு மச்சான்.