கூடாரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால்

"ஏன் ரீச்சர், வீடு இருக்கிற சனம் ஏன் விரும்பிப் போய் வெளியில படுக்குது?"

டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்டில் உன் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே நீ என்னிடம் கேட்ட கேள்வி இது. சென்ற சனிக்கிழமை நிலவறைக்குப் போய்க் கூடாரப் பையின் வாரை அவிழ்த்தபோது முதலில் வெளியே வந்தது அந்தக் கேள்விதான். மணம் அதற்குப் பிறகுதான் வந்தது. சரியாகக் காயாமல் மடித்த துணியின் புளித்த மணம், அதற்குள் பழைய விறகுப் புகை. உன் மகள் அபி தொலைபேசியில் கேட்டிருந்தாள். "ரீச்சர், அந்தக் கூடாரம் இன்னும் இருக்கோ? மகளுக்கு நாலு வயசாகுது. ஒருக்கா வெளியில கொண்டுபோய்ப் படுக்க வைக்கப் போறன்."

கம்பிகளும் முளைகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கப் பைக்குள் கையை விட்டேன். ஒரு சிவப்பு மண்வெட்டி தட்டுப்பட்டது. கடற்கரையில் பிள்ளைகள் மணல் அள்ளி விளையாடுகிற பிளாஸ்டிக் மண்வெட்டி. அதன் விளிம்பு தேய்ந்து வெளுத்திருந்தது. மடிப்பில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. நிலவறைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஆறு வருடமாகிறது.

உன்னைக் கூடாரத்துக்குள் படுக்க வைத்தது நான்தான். அபி அப்போது என் வகுப்பில் இருந்தாள். கோடை விடுமுறை முடிந்து வரும் முதல் நாள், பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து விடுமுறையில் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருத்தி ஸ்வீடன் ஏரியில் மீன் பிடித்திருப்பாள், இன்னொருவன் பொர்ன்ஹோம் தீவில் கூடாரம் அடித்திருப்பான். அபியின் முறை வந்தது. "வீடு துப்பரவாக்கினோம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி எனக்குச் சிரிப்பைவிட மோசமாகப் பட்டது. அன்று மாலையே உன்னிடம் வந்தேன்.

என்னிடம் எப்போதும் ஓர் உதாரணம் தயாராக இருக்கும். உன் கேள்விக்கும் ஒன்று சொன்னேன். "கலியாண வீட்டிலயும் அடுப்பு எரியுது, செத்த வீட்டிலயும் அடுப்பு எரியுது. நெருப்பு ஒண்டுதானே? அதுமாதிரித்தான் கூடாரமும். நீ முன்னம் இருந்தது ஓடி வந்து இருந்த கூடாரம். இது சிரிச்சுக்கொண்டு போய் இருக்கிற கூடாரம்." நீ மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வளவில், இரண்டு மாரி காலம் கூடாரத்துக்குள் இருந்தவள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். "உங்கட உதாரணம் எல்லாம் வெயில் நாளுக்குத்தான் சரி, ரீச்சர்."

ஆனாலும் அடுத்த கோடையில் வந்தாய், மகளுக்காக. கடல் நிலத்துக்குள் நீண்டு வரும் ஃபியோர்டின் கரையில், அரசாங்கக் காட்டை ஒட்டிய ஒரு முகாமிடம். நாங்கள் இரண்டு குடும்பம், இரண்டு கார். உன் காரில் இருந்து சோறு ஆக்கும் மின்பானை இறங்கியது, அம்மி ஒன்றுதான் இறங்கவில்லை. "காட்டுக்க மின்சாரத்துக்கு எங்க போவாய்?" என்று என் கணவர் கேட்க, "அதுக்குத்தானே அண்ணை உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்" என்றாய். அவர் அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த நாளின் காலைப் பொழுது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பீச் எனும் உயர்ந்த காட்டு மரங்களின் கீழே பிள்ளைகள் ஓடினார்கள். பிறகு சிறு படகுத்துறையில் நண்டு பிடித்தோம். துணி காயப்போடும் கிளிப்பில் மட்டிச் சதையைக் கவ்வவைத்து, நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கினால் விரலளவு நண்டுகள் தொற்றிக்கொண்டு வரும். வாளியில் போட்டு எண்ணிவிட்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். வாவிக் கரையில் வளர்ந்த உனக்கு அது பொறுக்கவில்லை. "பிடிச்ச நண்டைத் திருப்பி விடுறதோ? இந்தச் சனத்துக்குத்தான் விசர் எண்டால் நண்டுக்கும் விசர். விட்ட உடனே திரும்பி வருது பாருங்கோ." அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு வகுப்பில் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

கூடாரம் அடிக்கும் இடத்தையும் நான்தான் தேர்ந்தேன். தண்ணீர் தெரிய வேண்டும் என்று கரையோரமாக, சற்றுத் தாழ்ந்த புல்தரை. நீ குடித்துக்கொண்டிருந்த தேநீரின் கடைசி வாயை நிலத்தில் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாய். "தண்ணி உள்ளுக்கத்தான் வரும், ரீச்சர். மேல அந்த மரத்தடிக்குப் போவம்."

"வானத்தைப் பார். ஒரு துண்டு முகிலும் இல்லை" என்றேன். நான் கணித ஆசிரியை. ஒரு கோடு எவ்வளவு சரிகிறது, எந்தப் பக்கம் சரிகிறது என்று கரும்பலகையில் எத்தனையோ வருடங்கள் வரைந்து காட்டியவள். நிலம் சரிவதை நீ ஒரு வாய் தேநீரில் கண்டுவிட்டாய்.

நாங்கள் படகுத்துறையில் இருக்கும்போதே நீ முன்னதாகத் திரும்பியிருந்தாய். நாங்கள் வந்து பார்த்தபோது கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டியிருந்தாய், அபியின் சிவப்பு மண்வெட்டியால். மேட்டுப் பக்கம் ஆழமாக, பள்ளத்துப் பக்கம் ஃபியோர்டை நோக்கி ஒரு வாய் விட்டு. அவ்வளவு நேர்த்தி. வெட்டிய புல்தரைத் துண்டுகளை எறியவுமில்லை. புல் மேலே பார்க்க வரிசையாக அடுக்கி, போத்தலால் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாய். போகும்போது திரும்பப் பதித்துவிட்டால் தோண்டிய அடையாளமே இருக்காது. அந்தத் துண்டுகளை நான் பார்த்தேன். ஏன் அப்படி அடுக்கியிருக்கிறாய் என்பதும் எனக்கு விளங்கியது. இதை இன்று எழுதாவிட்டால் இந்த மடலுக்குப் பொருளில்லை.

முகாமிடத்தின் பொறுப்பாளர் சைக்கிளில் வந்தார், வயதானவர். இறங்கி நின்று பார்த்தார். இங்கே நிலத்தைத் தோண்டக் கூடாது என்று டெனிஷில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "எதற்காகத் தோண்டியிருக்கிறார்?" என்று கேட்டார். அந்த மனிதர் உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்டார். முப்பது வருடம் பிள்ளைகளின் கேள்விகளைக் கேட்டவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

ஆனால் பக்கத்துக் கூடாரத்தில் என் மாணவன் ஒருவனின் தாயும் தகப்பனும் கோப்பிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான் தமிழ் ஆசிரியை. முகத்தில் சூடேறியது. இரண்டு மாரியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அடுக்கியிருந்த புல்தரையைக் கை நீட்டிக் காட்டியிருக்கலாம். இடத்தைப் பிழையாகத் தேர்ந்தவள் நான் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது டெனிஷில் நான்கே நான்கு சொற்கள். "இவளுக்கு இதைவிட ஒன்றும் தெரியாது."

சொல்லும்போது சிரித்தேன். அவரும் நானும் ஒரு பக்கம் என்பதுபோல ஒரு சிரிப்பு.

பிறகு உன் பக்கம் திரும்பி, "மூடச் சொல்லுறார்" என்றேன். நீ முழந்தாளில் இருந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து, வந்த இடத்திலேயே பதித்து, உள்ளங்கையால் அழுத்தினாய். அபி பக்கத்தில் நின்றாள்.

மாலை ஆறு மணிக்கு, பிள்ளைகள் கம்பில் மாவைச் சுற்றி நெருப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது மழை வந்தது. கால் மணித்தியாலத்தில் படுக்கைகளுக்கு நடுவே தண்ணீர் நின்றது. என் கணவர் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார். நீ பிள்ளைகளைத் தூக்கிக் காரில் ஏற்றினாய், சோற்றுப் பானையை ஏற்றினாய். கடைசியாக என் பக்கத்தில் வந்து நின்று சொன்னாய். "பரவாயில்லை, ரீச்சர். தண்ணிக்கு டெனிஷ் தெரியாது."

நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

அதற்குப் பிறகும் நீ மாறவில்லை என்றுதான் நினைத்தேன். நண்டுக் கறி வைத்தால் எனக்கொரு கிண்ணம் வரும். பெருநாளுக்குப் பலகாரம் வரும். நின்றது கடிதங்கள் மட்டும்தான். அதற்கு முன் நகராட்சியான கொம்யூனில் இருந்தோ பல் வைத்தியரிடமிருந்தோ எது வந்தாலும், கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கதவைத் தட்டுவாய். "இதில என்ன எழுதிக் கிடக்கு, ரீச்சர்?" அந்தக் கோடைக்குப் பிறகு ஒரு கடிதம்கூட நீ கொண்டுவரவில்லை. உனக்கு டெனிஷ் பிடிபட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். அதைக் கணவரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அபி ஓகூஸ் நகருக்குப் படிக்கப் போன பிறகு உனக்கு வயிற்று வலி தொடங்கியது. இரண்டு குளிர்காலம் தனியாகவே வைத்தியரிடம் போய் வந்திருக்கிறாய். உன்னிடம் டெனிஷில் இருந்தவை வயிறு என்ற ஒரு சொல்லும், ஓம் என்ற ஒரு சொல்லும். அவர் என்ன கேட்டாலும் ஓம். சாப்பாடு பிடிக்கிறதா, ஓம். எடை குறைகிறதா, அதற்கும் அதே தொனியில் ஓம். எந்த ஓமை அவர் நம்புவார்? மொழிபெயர்க்க ஆள் தேவையா என்று கேட்டதற்கு மட்டும் வேண்டாம் என்றிருக்கிறாய். நோயைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது.

ஆசுபத்திரியில் உன் கட்டிலருகே இருந்து கேட்டேன். "ஏன் என்னைக் கூப்பிடேல்லை? நான் நாலு வாசல் தள்ளித்தானே இருக்கிறன்?"

நீ என் கையைத் தடவிக்கொண்டே சொன்னாய். "உங்களுக்கு ஏன் கரைச்சல்? எனக்குத்தான் ஒண்டும் தெரியாதே, ரீச்சர்."

கோபமில்லாமல் சொன்னாய். அன்றுதான் தெரிந்தது, உனக்குத் தெரியும் என்று. அந்த நான்கு சொற்களும் எப்படி உன்னிடம் வந்து சேர்ந்தன என்பது மட்டும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தாதி மருந்தோடு வந்தாள். மறுநாள் கேட்கலாம் என்று எழுந்துவிட்டேன். மறுநாள் நீ ஆளை அறியும் நிலையில் இல்லை.

எப்படி வந்து சேர்ந்தன என்பதும் சென்ற சனிக்கிழமை தெரிந்தது. அபி கூடாரத்தை எடுக்க வந்தாள். மேசையில் இருந்த சிவப்பு மண்வெட்டியைக் கண்டதும் நின்றுவிட்டாள். சின்னவள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்களிட்டச் சொல்லவேணும் எண்டு கனகாலமா நினைச்சிருக்கிறன்" என்றாள் அபி. "அண்டைக்குக் காரில போகேக்க அம்மா கேட்டவ, ரீச்சர் அந்த மனிசனிட்ட என்ன சொன்னவ எண்டு. எனக்கு எட்டு வயசு. அப்பிடியே சொல்லிப்போட்டன். வீடு வரும் மட்டும் அம்மா யன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு வந்தவ."

பிறகு டெனிஷில் தொடர்ந்தாள். தமிழில் சொல்ல முடியாததை அவள் எப்போதும் டெனிஷில்தான் சொல்வாள். அன்று நான் ஒரு பொய் சொல்லியிருந்தால் அம்மா உங்களிடம் வந்திருப்பா, நீங்கள் வைத்தியரிடம் கூடப் போயிருப்பீர்கள், அம்மா இன்றைக்கு இருந்திருப்பா. பத்துத் தடவை சொல்லிப் பார்த்த பாடம்போலத் தடங்கலில்லாமல் சொன்னாள்.

உனக்கு விளங்குகிறதா? உன் பிள்ளை இத்தனை வருடமாகத் தன்னைக் குற்றவாளியாக வைத்திருக்கிறாள். நான் பார்க்கப் படித்தாள், வேலைக்குப் போனாள், பிள்ளை பெற்றாள். இதையும் சுமந்துகொண்டுதான் எல்லாம் செய்திருக்கிறாள்.

"பிழை உன்னுடையது இல்லை, பிள்ளை. சொன்னது நான்" என்றேன். ஒருமுறை அல்ல, மூன்றுமுறை சொன்னேன். அவள் தலையாட்டினாள். வகுப்பில் ஒன்றும் விளங்காத பிள்ளை, ரீச்சரின் மனம் நோகக் கூடாதென்று ஆட்டுகிற தலையாட்டல் அது. அதை நான் நன்றாக அறிவேன். அப்படி ஆட்டும் பிள்ளைக்காக இன்னொரு உதாரணம் தேடுவது என் வழக்கம். எவ்வளவு தேடினாலும் இதற்கு ஓர் உதாரணமும் கிடைக்கவில்லை. என்னிடம் இருப்பதெல்லாம் வெயில் நாளுக்கு உரியவைதான். நீ சொன்னது சரி.

கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மண்வெட்டியை அபி எடுக்கவில்லை. அது யன்னல் ஓரத்தில் இருக்கிறது. ஒட்டியிருக்கும் மண்ணை நான் சுரண்டவில்லை. நீ இருந்தபோது கேட்க வேண்டிய மன்னிப்பை இப்போது யாரிடம் கேட்பது? கேட்டாலும் அது போக வேண்டிய இடத்துக்கு ஒரு பாதையும் இல்லை. இந்த மடலும் உன்னிடம் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அவர்களை வழியனுப்பிக் கதவைச் சாத்திய பிறகுதான் நினைவு வந்தது, எங்கே கூடாரம் அடிப்பது என்று அபியிடம் சொல்லவில்லை. உன்னிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான், அதையும் விட்டுவிட்டேன். அபி இதை வாசிக்கட்டும், வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களும் வாசிக்கட்டும். கூடாரத்தின் முதல் முளையை அடிக்க முன், தேநீரின் கடைசி வாயைக் குடிக்காமல் நிலத்தில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பாருங்கள்.