நீல நாக்கும் ஐந்து சைபரும்

அன்பு மகள் பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், இந்த வரியை எழுதுவதற்கு முன்னால் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன், அதனால் தைரியமாக நம்பலாம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு மனசு ஆறும். நேற்று உன் அம்மா போனில் உன்னிடம் முக்கால் மணி நேரம் பேசினாள், நடுவில் விழுந்து விழுந்து சிரித்தாள், எதைச் சொல்லிச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் சொன்னது அவளுக்குப் பிடித்த பாதி. முழுக்கதையை நான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி, ஏனென்றால் ஜெயித்தவன் எழுதுகிற கடிதம் இது. ஆமாம், ஜெயித்துவிட்டோம். உன் தம்பி மகள், நம் குட்டி, திரும்பி வந்துவிட்டாள். இப்போது என் முதுகுக்குப் பின்னால் தூங்குகிறாள், தூக்கத்தில் ஒரு காலால் என்னை உதைத்துக்கொண்டே இருக்கிறாள், உதைக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது பார்.

வெள்ளம் வந்து ஐந்து வாரம் ஆகிறது, வீட்டுக்குள் ஜன்னல் வரை தண்ணீர் வந்ததும் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்ததும் உனக்குத் தெரியும். நாங்கள் இருப்பது மூன்றாம் வகுப்பு அறை, சுவரில் ஒன்பதாம் வாய்ப்பாடு வரைக்கும் ஒட்டியிருக்கிறது. ஆறு அறையில் நூற்று நாற்பத்திரண்டு பேர், நாலே நாலு கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. வந்த மூன்றாம் நாளே நர்ஸம்மா ஒருத்தர் வந்து முகாமுக்குச் சுகாதாரக் குழு வேண்டும், யார் தலைவர் என்று கேட்க, எல்லாரும் என்னைக் கை காட்டிவிட்டார்கள். முப்பத்து நாலு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று கத்திய தொண்டை ஆயிற்றே, மைக் வேண்டாம், கரண்ட் வேண்டாம். எனக்கும் தலைகால் புரியவில்லை. பழைய விசிலை வேறு வெள்ளத்திலிருந்து காப்பாற்றி எடுத்து வந்திருந்தேன், கேட்க வேண்டுமா. கழிப்பறையிலிருந்து வருகிறவர்களைப் பார்த்து ஒரு விசில், கை கழுவாமல் தட்டை எடுத்தால் இரண்டு விசில். சாப்பாட்டுக்கு அடிதடி வரக்கூடாது என்று டோக்கன் முறையும் நான்தான் கொண்டு வந்தேன். தலைமை ஆசிரியர் அறையில் கிடந்த பழைய நீல ஃபைல் அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி எண் போட்டேன், ஆளுக்கு ஒன்று. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கிட்டே அதை வாங்கிக்கொள்வார்கள், அடுத்த வேளைக்கு அதே அட்டையை நான் திரும்பக் கொடுப்பேன். வரிசை கலைந்ததே கிடையாது, என் பெருமையை நானே சொல்லக்கூடாது.

ஆனால் வயிற்றுப்போக்கு மட்டும் நிற்கவில்லை. நர்ஸம்மா தினமும் காலையில் வராந்தாக் கரும்பலகையில் புதிதாக எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று எழுதுவார், நாலு, ஏழு, பதினொன்று என்று ஏறிக்கொண்டே போனது. எனக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா, அறை அறையாகப் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். சோப்பு கொடுத்திருக்கோமில்ல, எங்கய்யா அது என்று கேட்டால் ஒவ்வொருத்தரும் மூட்டையை அவிழ்த்துக் காட்டுகிறார்கள், சோப்பு சுற்றின காகிதம்கூடப் பிரியாமல் உள்ளே பத்திரமாக இருக்கிறது. வீட்டில் எல்லாம் போச்சு கண்டக்டரய்யா, புதுசுன்னு இருக்கறது இது ஒண்ணுதான், வீட்டுக்குப் போறப்ப எடுத்துட்டுப் போலாம்னு வச்சிருக்கோம் என்றாள் தையல்கார அம்மா. அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை, ஆனாலும் திட்டினேன். இப்படி ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்த வாரத்தில்தான் நம் குட்டி விழுந்தாள். பதினோரு மாசக் குழந்தை, காலையில் தவழ்ந்தவள் சாயங்காலம் தலையைத் தூக்கவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை. உன் தம்பி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான், மருமகள் செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினாள். ஆஸ்பத்திரியில் நாலு நாள் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், அந்தச் சின்னக் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லையாம், காலில் குத்தினார்களாம். குழந்தை பிழைச்சது பெரிசு, இன்னும் ரெண்டு வாரம் இங்கேயே இருக்கட்டும், இன்னொரு தடவை வந்தா உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகள் ஒரே வார்த்தைதான் சொன்னாள், மாமா, தொடர்ந்து அஞ்சு நாள் அந்தப் பலகையில சைபர் வந்தா குழந்தையோட வர்றேன், இல்லைன்னா ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன், என்னைத் தப்பா நினைக்காதீங்க என்று. அவள் அம்மா வீடு எங்கே இருக்கிறது, இரண்டு நாள் ரயில். உன் தம்பிக்கு இங்கே வேலை, அவனால் கூடப் போகவும் முடியாது.

இப்போது உன் அம்மா சிரித்த இடத்துக்கு வருகிறேன். ஊருக்கே வைத்தியம் சொன்ன எனக்கும் மூன்று நாளாக வயிறு சரியில்லை, வெளியே சொல்லவில்லை. சுகாதாரக் குழுத் தலைவருக்கே போகிறது என்று பலகையில் எழுதினால் என் விசிலுக்கு என்ன மரியாதை? வாயுத்தொல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். உன் அம்மாவிடம் அது நடக்குமா? அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், நர்ஸம்மாவிடம் போய்க் காதில் ஏதோ ஓதியிருக்கிறாள். மறுநாள் மதியம் வழக்கம்போல டோக்கன் கட்டோடு உட்கார்ந்தேன், எண்பது பேருக்கு மேல் கொடுத்திருப்பேன், திடீரென்று வரிசையில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து வீலென்று கத்தியது. பக்கத்தில் ஒருவர் சிரிக்கிறார், இன்னொருவர் பின்வாங்குகிறார். நர்ஸம்மா பையிலிருந்து கையகலக் கண்ணாடியை எடுத்து நீட்டி, ஐயா நாக்கை நீட்டுங்க என்றார். நீட்டினேன். நீலம்! நாக்கு, உதடு, பல் இடுக்கு எல்லாம் நீலம். உன் அம்மா துணிக்குப் போடுகிற நீலப்பொடியை டோக்கன் கட்டின் மேல் இருபது அட்டையில் தடவி வைத்திருக்கிறாள், அட்டையே நீலமாக இருப்பதால் எனக்குத் தெரியவில்லை. நாப்பது வருஷமா இந்த நாக்கைப் பாத்துட்டு இருக்கேன், ஒவ்வொரு சீட்டுக்கும் கட்டை விரலை நக்காம இவருக்குக் கை ஓடாது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள். டிக்கெட் கிழித்த காலத்துப் பழக்கம், நான் செய்வதே எனக்குத் தெரியாது. நீகூட ஆபீஸில் காகிதம் புரட்டும்போது அதே மாதிரி விரலை நக்குவாய், என்னிடமிருந்து வந்ததுதான், இன்றோடு விட்டுவிடு. நர்ஸம்மா எல்லாரையும் கையை விரிக்கச் சொன்னார். முதல் இருபது பேர் கையில்தானே இருக்கும் என்று நினைத்தேன், என் விரலிலிருந்து நாக்குக்கு, நாக்கிலிருந்து அடுத்த அட்டைக்கு என்று கடைசி ஆள் வரைக்கும் நீலம் போயிருந்தது. கழிப்பறைக்குப் போய் வந்த கையெல்லாம் தொட்ட அட்டை, நாளுக்கு மூன்று வேளை, என் வாய் வழியாகச் சுற்றி ஊருக்கே போயிருக்கிறது. நம் குட்டியின் அட்டையும் நான் கொடுத்ததுதான். அவள் அதை வாயில் வைத்துக் கடிப்பாள், பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்பார்களே, அந்த நாக்கையே எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் குட்டியின் காலில் ஊசி குத்தியது நினைவுக்கு வந்தது. பெஞ்சின் மேல் ஏறினேன், நீல வாயோடுதான். ஒரு விசில் அடித்துவிட்டுச் சொன்னேன், எல்லாரும் கேளுங்க, உங்களைத் திட்டின நான்தான் நோயைப் பரப்பியிருக்கேன், எனக்கே மூணு நாளாப் போகுது, வெக்கப்பட்டு மறைச்சேன், என்னைப் பலகையில எழுதுங்க என்று. அழுதேன், பெரியவளே, எத்தனை பேர் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன். ஒருத்தர்கூடக் கல்லெடுக்கவில்லை. குழாய் வேலை செய்கிற மொட்டை மெல்லக் கையைத் தூக்கி எனக்கும் ரெண்டு நாளாத்தான் கண்டக்டரே என்றான், அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. மறுநாள் பலகையில் பத்தொன்பது. நான் இடிந்து உட்கார்ந்துவிட்டேன், நர்ஸம்மாவோ சந்தோஷமாகச் சாக்பீஸைத் தட்டிக்கொண்டு, இதுதான் முதல் நிஜக் கணக்கு ஐயா, இனிமே ஜெயிச்சுடலாம் என்றார்.

அட்டையெல்லாம் அடுப்புக்குப் போனது. மொட்டை ஒரு பெரிய டிரம்மில் ஐந்து குழாய் வைத்துக் கழிப்பறை வாசலில் நிறுத்தினான், பழைய பிளாஸ்டிக் கேனை வெட்டிப் புது டோக்கன் செய்தான். அந்த டோக்கனை நான் கையால் கொடுப்பதே இல்லை, குழாய்க்கு மேல் ஆணியில் தொங்கும். சோப்புப் போட்டுக் கழுவி, அந்த ஈரக் கையாலேயே எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் போட்டால்தான் தட்டு. கழுவாதவனுக்குச் சாப்பாடு இல்லை, தலைவரானாலும் இல்லை. சோப்புக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தையல்கார அம்மா தன் மூட்டையிலிருந்த சோப்பை எடுத்து எல்லார் முன்னாலும் காகிதத்தைக் கிழித்தாள், பழைய வலைத்துணியில் பை தைத்து அதில் போட்டுக் குழாயில் கட்டினாள். அன்று சாயங்காலத்துக்குள் பதினேழு சோப்பு வந்துவிட்டது, என் மூட்டையில் இருந்ததும் அதில் ஒன்று, சிரிக்காதே. உன் அம்மா என் கட்டை விரலில் துணி சுற்றிவிட்டாள், முதல் இரண்டு நாள் அந்தத் துணியையே நக்கினேன் என்பது வேறு விஷயம். பன்னிரண்டு, ஆறு, இரண்டு, சைபர். மறுநாளும் சைபர், அதற்கு மறுநாளும். நாலாம் நாள் காலையில் மொட்டை வந்து என்னை ஓரமாக இழுத்து, ஒரே ஒரு தடவைதான் போச்சு, நேத்து அளவுக்கு மீறிச் சாப்பிட்டதாலதான், எழுத வேண்டாம், உங்க பேத்தி வரட்டும் என்றான். எனக்காகத்தான் சொன்னான், அவன் மனசு தங்கம். எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவன் கையைப் பிடித்துப் பலகைக்குக் கூட்டிப்போய் நானே ஒன்று என்று எழுதினேன். முதலிலிருந்து எண்ணத் தொடங்கினோம். அப்புறம் சைபர், சைபர், சைபர், சைபர். ஐந்தாவது காலையில் நர்ஸம்மா வருவதற்கு முன்பே நூற்று முப்பது பேருக்கு மேல் வராந்தாவில் நின்றார்கள். அவர் வட்டத்தைப் போட்டு முடிப்பதற்குள் எழுந்த சத்தம் இருக்கிறதே, கூரையில் இருந்த புறா எல்லாம் பறந்துவிட்டது. மொட்டை என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான், உன் அம்மா இடுப்பு பத்திரம் என்று கத்துகிறாள், நான் விசில் அடிக்கிறேன்.

அன்று மதியமே வந்தார்கள். மருமகள் அறைக்குள் வரவில்லை, குழந்தையை உன் தம்பியிடம் கொடுத்துவிட்டு நேராகப் பலகையிடம் போனாள், ஐந்து சைபரையும் விரல் வைத்து எண்ணினாள். அப்புறம் குழாயில் கை கழுவினாள், குழந்தையை வாங்கிக்கொண்டாள், என் முன்னால் வந்து நின்று, மாமா கையை நீட்டுங்க என்றாள். நீட்டினேன். உள்ளங்கை, புறங்கை, நகக்கண் எல்லாம் புரட்டிப் பார்த்தாள், முகாமே சுற்றி நின்று பார்க்கிறது. அப்புறம் குழந்தையை என் கையில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், அந்தப் பொல்லாத குட்டி என் கட்டை விரலை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே தன் வாய்க்குள் திணித்துக்கொண்டது. நான் பதறிப்போய் இழுத்தேன். மருமகள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். இருக்கட்டும் மாமா, சுத்தமாத்தான் இருக்கு என்றாள்.

நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், அப்பா அம்மா இருவரின் ஆசீர்வாதம். சின்னவனுக்கு இருமல் என்றாயே, விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டு. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடு. நாக்கு சமாச்சாரம் வருகிற பக்கத்தை மட்டும் மடித்து வைத்துக்கொள் என்று எழுத நினைத்தேன், வேண்டாம், அதையும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
பிரியமுள்ள உன் அப்பா