உப்பு கொட்டிய குழி

14 மார்ச் 1988, திங்கள்

உப்பளத்துப் பக்கம் நடக்கப் போனேன். ராத்திரி அடித்த காற்றில் பாத்திகளெங்கும் பாலிதீன் பைகள். உப்பு வாரும் பெண்கள் பொறுக்கி வரப்பில் வீசினால், காற்று அடுத்த பாத்தியில் கொண்டு சேர்க்கிறது. பாதிப் பைகள் என் மகன் ஷஃபியின் மளிகைக் கடையிலிருந்து போனவை. பழையபடி காகிதத்தில் மடித்துக் கொடேன் என்றேன்.

"பை இல்லேன்னா எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க அத்தா."

அவன் சொல்வதும் பொய்யில்லை.

20 மார்ச்

பைகளை எரித்துப் பார்த்தோம். கரி பறந்து உப்புக் குவியலில் படிய, அளத்துக்காரர் கலியமூர்த்தி சத்தம் போட்டார். பிறகு, கைவிட்ட பாத்தி ஒன்றில் குழி வெட்டினேன். போட்ட பைகள் நாங்கள் வரப்பேறும் முன்பே பறந்தன. மண்ணால் மூடிவிட்டால் அடுத்த வாரம் எங்கே போடுவது?

பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா உப்பு வாருகிறவள். அவள்தான் வழி சொன்னாள். "கழிவு உப்ப மேல கொட்டுவோம் சார். கனம் இருந்தா எங்க பறக்கும்?"

கொட்டினோம். ஒன்றும் அசையவில்லை. நான் பாடம் நடத்தும் வகுப்பாக இருந்தால் அவளை எழுப்பி நிறுத்தி எல்லாரையும் கைதட்டச் சொல்லியிருப்பேன்.

9 ஏப்ரல்

பாத்திகள் சுத்தமாக இருக்கின்றன. தங்கள் ஊரிலும் இப்படி வெட்டலாமா என்று எக்கியார்குப்பத்து ஆட்கள் வந்து குழியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

3 மே

சின்னப்பாப்பாவின் செவலைப் பசு தீனி எடுக்கவில்லை. இடது பக்கம் வயிறு உப்பியிருக்கிறது. அவளுக்குப் புருஷன் இல்லை. மழைக்காலத்தில் அளத்தில் வேலை நின்றால் அந்தப் பாலை விற்றுத்தான் அடுப்பெரியும். உப்புசம் என்று நினைத்து நல்லெண்ணெயும் பெருங்காயமும் புகட்டினோம்.

5 மே

ஷஃபி நோன்போடு திண்டிவனம் போய் மாட்டு டாக்டரை பைக்கில் கூட்டி வந்தான். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிளாஸ்டிக் தின்றிருக்கிறது, மெட்ராசுக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறக்க வேண்டும், ஆனால் இந்த நிலையில் லாரிப் பயணம் தாங்காது என்றார்.

எங்கே தின்றது? சின்னப்பாப்பாதான் மெல்லச் சொன்னாள். "குழிகிட்ட நிக்கும் சார். உப்ப நக்கத்தான் நிக்குதுன்னு விட்டுட்டேன்."

6 மே, வெள்ளி

விடியும்போது செத்துவிட்டது. ஜும்மாவில் மனம் நிற்கவில்லை.

7 மே

புதைக்கும் முன் வயிற்றைக் கீறினார்கள். தலையணை அளவுக்கு ஓர் உருண்டை. பிரிக்கப் பிரிக்கப் பைகள். ஷஃபி பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

மாட்டுக்கு உப்பு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? கழுநீரில் ஒரு கை உப்புப் போட்டால் தொட்டியையே வழித்து நக்கும் என்று மூன்றாம் வகுப்பில் எடுத்துக்காட்டே சொல்லியிருக்கிறேன். அதே உப்பைப் பைகளின் மேல் கொட்டித் தீவனத்தொட்டி மாதிரி வைத்துவிட்டோமே —

"நான் கொட்டுன உப்பு சார்," என்றாள் சின்னப்பாப்பா.

குழி வெட்டினது நான்தானேம்மா என்றேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அந்த உருண்டையை எங்கே போடுவது? கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சாக்கில் கட்டி என் வீட்டுக் கொல்லையில் வைத்திருக்கிறேன். ஏன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள் என்று என் மனைவி சைத்தூன்கூடக் கேட்கவில்லை.

2 ஜூன்

பெருநாளுக்குப் பிறகு ஷஃபி பை கொடுப்பதை நிறுத்தியிருந்தான். கடையில் கூட்டம் குறைந்தது. இன்று மறுபடியும் பைக்கட்டு தொங்குகிறது. நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

10 ஜூலை, ஞாயிறு

குழியை மண் போட்டு மூடிவிட்டோம். பாத்திகளில் பழையபடி பைகள் கிடக்கின்றன. தெருவில் மாடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் கயிற்றில் வாய்க்கூடு பின்னி, அவிழ்த்து விடும்போது மாட்டின் வாயில் கட்டிவிடுகிறார்கள்.

சாயங்காலம் சின்னப்பாப்பா அளத்திலிருந்து வந்தாள். முழங்கை வரை உப்புப் பூத்திருந்தது. செவலையின் கன்று ஓடி வந்து அவள் கையை முட்டியது. கூட்டுக்குள்ளிருந்து நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. எட்டவில்லை.

அவள் கூட்டை அவிழ்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, அதன் பிறகுதான் அதைத் தடவிக் கொடுத்தாள்.